காலியாகக் கொடுக்கக்கூடாது

உள்ள வாங்கக்கா. தலை, தலை! நெலை தாழ்வு. ஒசரமா இருக்கறவங்க எல்லாரும் இங்க ஒரு இடி வாங்கிட்டுத்தான் உக்காருவாங்க. அந்த மூட்டை மேலயே உக்காருங்க, துணிமூட்டைதான், ஒண்ணும் ஆகாது. நாற்காலியை நேத்தே கீழ் டிவிஷனுக்கு ஏத்தி விட்டாச்சு.

மாசக் கடைசிக்குள்ள லயனைக் காலி பண்ணணும்னு நோட்டீசு. பதினாலு வீடு ஒரே வரிசையா இருந்த எஸ்டேட்டு லயன். இப்ப மூணு வீட்டுலதான் அடுப்பு எரியுது. தண்ணி இல்லாத எடத்துல ஆளுங்களைக் குடி வைக்கக் கூடாதாம், கம்பெனி எங்க நல்லதுக்குத்தான் செய்யுதாம். தண்ணியை யாரு இல்லாம ஆக்குனாங்கன்னு நோட்டீசுல ஒரு வரி இல்ல. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன், எழுத்துக்கூட்டி முழுசும் படிச்சுப் பாத்தேன். இல்ல.

பாப்பா, அக்கா கொண்டாந்த டப்பாவைத் தொறக்காத. ரவா லட்டா? எதுக்குக்கா இதெல்லாம். சரி, ஒண்ணு எடுத்துக்கோ. ஒண்ணு. ரோஷிணி, ஒண்ணுன்னு சொன்னேன்.

மிருதுளா மேடத்தைப் பத்தித்தானே கேக்க வந்தீங்க? அவங்க எண்ணுன வண்டுக் கணக்கை நீங்க திரும்பச் சரிபாக்கணும், கூடவே இருந்து வேலை செஞ்சது நான்தான்னு யாரோ சொன்னாங்க. நான்தான். என் பேரு முத்துப்பேச்சி. நோட்டுல எழுதிக்குங்க. நான் சொல்றதை அப்படியே எழுதுங்க, குறைக்க வேண்டாம். இந்த லயன் இன்னிக்குக் காலியாகுதுன்னா அதுக்குக் காரணம் அந்தப் பொண்ணு. அதை மொத வரியிலயே போடுங்க.

என்னைப் பாத்தா இப்படிப் பேசறவ மாதிரி இருக்கா? இல்லக்கா. கல்யாணமாகி வந்து ஒரு வருசம் எங்க மாமியார் என்னை ஊமைன்னே நெனச்சாங்க. "பேருதான் பேச்சி, வாயைத் தொறந்தா முத்து கொட்டிடும்னு மூடியே வெச்சிருக்கா"ன்னு லயன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாங்க. வெளியாளுங்க யாராவது ஏதாவது கேட்டா தலையை ஆட்டுவேன். புரிஞ்சாலும் ஆட்டுவேன், புரியலேன்னாலும் ஆட்டுவேன். அன்னிக்குப் பேசாம விட்டதையெல்லாம் சேத்து இன்னிக்கு உங்ககிட்டப் பேசறேன்னு வெச்சுக்குங்க. போகப் போறவளுக்கு என்ன வெக்கம்?

ரெண்டு வருசம் முந்தி, ரோஷிணி இடுப்புல இருந்த சமயம். அந்தப் பொண்ணு ஜீப்புல வந்து எறங்குச்சு. என் வயசுதான் இருக்கும். பேண்ட்டு, பெரிய பை, அட்டை ஏறாம இருக்க முட்டி வரைக்கும் துணி உறை. மேனேஜர் தொரை பங்களாவுக்குப் பின்னாடி இருக்கற கெஸ்ட் ரூம்ல தங்குச்சு. கூட வேலை செய்ய ஒரு பொம்பளை வேணும்னு கேட்டுச்சாம். தேயிலை எடுக்கறவங்களை விட முடியாது. கைக்கொழந்தைக்காரி, வேலைக்குப் போகாம இருக்கறவ நான்தான். என்னை அனுப்பி விட்டாங்க.

என்ன வேலைன்னு கேட்டா சிரிப்பீங்க. சிரிக்க மாட்டீங்க, நீங்களும் அதே படிப்புதானே. சாணி உருட்டற வேலை. மாட்டுச் சாணியைத் துணியில சின்னச் சின்னதா முடிஞ்சு, குச்சியில கட்டித் தொங்கவிடணும். அதுக்கு நேர் கீழ மண்ணுல ஒரு பிளாஸ்டிக் கப்பை விளிம்பு வரைக்கும் பொதைக்கணும். கப்புல சோப்புத் தண்ணி. சாணி வாசனைக்கு வர்ற வண்டு கப்புல விழுந்துடும். மறுநாள் டீ வடிகட்டியில வடிச்சு, சின்ன பாட்டில்ல போட்டு, நம்பர் எழுதின சீட்டோட கொண்டு போய்க் குடுக்கணும்.

எங்க மாமியாருக்கு அது போதாதா? "பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை புடிடின்னா வளையாது கை. வண்டுக்குப் புடிக்குது பாரு, அச்சு வார்த்தாப்புல!" தண்ணிக் குழாய்ல நிக்கற பொம்பளைங்க எல்லாம் கேக்கற மாதிரி சொல்லுவாங்க. நான் குனிஞ்ச தலை நிமிர மாட்டேன்.

மொத நாள் காட்டுக்குப் போறப்ப அந்தப் பொண்ணு எல்லாத்தையும் வெளக்கிச் சொல்லுச்சு. சொல்லலேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாட்சர் ரெண்டு பேரு, எங்க வீட்டுக்காரர், ரைட்டர், எல்லாரும் கூட நடக்கறாங்க. நான் நாலடி பின்னால, பாப்பாவைச் சேலையில கட்டிக்கிட்டு. அரைக்காதுலதான் விழுந்துச்சு. மரத்தை வெட்டுனா மேல நெழல் போயிடுமாம். மண்ணு காஞ்சுடுமாம். திரும்பச் செடி கொடி மொளைச்சு வெளிய பச்சையாத் தெரிஞ்சாலும் உள்ள காடு காடா இல்லாம இருக்கலாமாம். அது நம்ம கண்ணுக்குத் தெரியாதாம், வண்டுக்குத் தெரியுமாம். "புரிஞ்சுதா முத்துப்பேச்சி?"ன்னு திரும்பிப் பாத்துக் கேட்டுச்சு. தலையை ஆட்டுனேன்.

அதுல ஒண்ணு எனக்குப் புரிஞ்சுதுக்கா. ஏன்னா எங்களுக்கும் ஒரு நண்டு உண்டு. மேல வெட்டாத பழைய காடு இருந்துச்சு, மேல்சோலைம்போம், அதுக்குக் கீழ பாறை இடுக்குல ஊத்து. அங்கேருந்துதான் லயனுக்குக் குழாய். ஊத்துல சின்னச் சின்ன செவப்பு நண்டு ஓடும். நண்டு இருந்தா தண்ணியை அப்படியே குடிக்கலாம், பச்சைப்பிள்ளைக்கும் குடுக்கலாம். நண்டு காணோம்னா காய்ச்சாம குடிக்க மாட்டோம். இங்க இருக்கற எல்லாப் பொம்பளைக்கும் அது தெரியும். வண்டும் அந்த மாதிரி போலன்னு மனசுல நெனச்சுக்கிட்டேன். வாயால சொல்லல.

ரெண்டு எடத்துல கப்பு வெச்சோம். வெட்டுக்காட்டுல பதினஞ்சு, மேல்சோலையில பதினஞ்சு. வெட்டுக்காடுங்கறது நான் இங்க வர்றதுக்கு முந்தியே கம்பெனி மரம் எடுத்த எடம். பேருக்குக் காடு. உண்ணிச்செடியும் கொடியுமாப் பின்னிக் கெடக்கும், உள்ள போனா வெயில் உச்சந்தலையில சுடும். மேல்சோலை அப்படியில்ல. அங்க மத்தியானத்துலயும் வெளக்கு ஏத்தாத வீடு மாதிரி இருக்கும். பாப்பா அழுதுக்கிட்டே வந்தாக்கூட அங்க நுழைஞ்சதும் அழுகையை நிறுத்திட்டு மேலயே பாத்துக்கிட்டு இருப்பா.

மொத தடவை அந்தப் பொண்ணும் கூடவே வந்துச்சு. அன்னிக்குன்னு பேய்மழை, கப்பெல்லாம் மெதந்து போச்சு. திரும்பி வர்றப்ப பாறையில வழுக்கிக் கணுக்கால் பெரண்டுடுச்சு. வீங்கிச்சு பாருங்க, தேங்கா சைசுக்கு. மூணு மாசம் காட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ரூம்ல உக்காந்து பூதக்கண்ணாடி வெச்சு வண்டு எண்ணறது அது, காட்டுக்குப் போறது நான்னு ஆச்சு. வாரம் ரெண்டு தடவை. பாப்பாவை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போவேன், அழுதா தூக்கிட்டே போவேன்.

நான் தனியாப் போன மொத தடவை நடந்ததைச் சொல்றேன். மேல்சோலைக் கப்பு ஒவ்வொண்ணுலயும் அஞ்சு, ஆறு, எட்டு. வெட்டுக்காட்டுல ஒம்போது கப்பு வெறும் தண்ணி. மிச்சத்துல ஒண்ணு ஒண்ணு, அதுவும் சீரகம் மாதிரி பொடி வண்டு. முப்பது பாட்டிலையும் கொண்டு போய் மேசையில வெச்சேன். வெறும் பாட்டிலை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்துச்சு அந்தப் பொண்ணு. மொகம் வாடிப் போச்சு.

"ஒண்ணுமே இல்லையா முத்துப்பேச்சி?"

தலையை ஆட்டுனேன்.

"சாணி வெச்சீங்கல்ல? சரியாத்தானே பொதைச்சீங்க?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. காலு ஒடிஞ்சு கெடக்கற பொண்ணு, என்னை நம்பி அனுப்புது. நான் போயிட்டு வெறும் பாட்டிலை வரிசையா அடுக்கறேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதைப் பாத்துட்டு அது பதறிடுச்சு. "ஐயோ, உங்களைக் குத்தம் சொல்லல. காலியா இருந்தா காலியாவே கொண்டு வாங்க. அதுவும் எனக்கு வேணும்"னு சொல்லுச்சு.

அப்படிச் சொல்றது அந்தப் பொண்ணுக்கு வழக்கந்தான்க்கா. கெஸ்ட் ரூம்ல அதுக்குச் சாப்பாடு வரும். பாதியை டப்பாவுல போட்டுப் பாப்பாவுக்குன்னு என்கிட்டக் குடுக்கும். ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் சேமியா. நான் டப்பாவைக் கழுவி, மறுநாள் கொஞ்சம் மணத்தக்காளிக் கீரை, இல்லேன்னா நாலு எலுமிச்சை, ஏதோ ஒண்ணு போட்டுத்தான் குடுப்பேன். வெறும் டப்பாவைத் திருப்பிக் குடுப்பாங்களா யாராவது? வாங்கற கைக்கும் நல்லதில்ல, குடுக்கற கைக்கும் நல்லதில்ல. அது ஒவ்வொரு தடவையும் சொல்லும், "எதுக்கு முத்துப்பேச்சி, காலியாவே குடுங்க போதும்." சொல்லிக்கிட்டே வாங்கிக்கும். சிரிக்கும். மறுநாள் அந்தக் கீரையைச் சமையக்காரர்கிட்டக் குடுத்துப் பொரிக்கச் சொல்லும். வேணாம்னு வாயால சொல்றவங்க மனசு வேணும்னு இருக்கும். இது தெரியாதா நமக்கு?

அதனால அடுத்த தடவைலேருந்து நான் ஒரு குறையும் வெக்கல.

மேல்சோலைக் கப்பை மொதல்ல எடுப்பேன். வரும்போது வழியில ஒரு பெரிய பாறை இருக்கும், அதுல முப்பது பாட்டிலையும் பரப்புவேன். வெட்டுக்காட்டுது வெறுமையா இருக்கும். மேல்சோலை பாட்டில் ஒண்ணுலேருந்து ரெண்டு எடுத்து அதுல. இன்னொண்ணுலேருந்து மூணு எடுத்து அடுத்ததுல. நாலு பிள்ளை உக்காந்திருந்தா ஒரு தட்டுக்கு மட்டும் வெக்காம விட மனசு வருமா? சும்மா ஏதோ ஒண்ணையும் போட மாட்டேன். மேல்சோலையில கொம்பு வெச்ச பெரிய வண்டு ஒண்ணு விழும், கறுப்புல பச்சை மின்னும், அவ்வளவு அழகா இருக்கும். அதைப் பாத்துப் பாத்து வெட்டுக்காட்டு பாட்டிலுக்கு ஒண்ணு போடுவேன். குடுக்கறதுதான் குடுக்கறோம், நல்லதாப் பாத்துக் குடுக்க வேண்டாமா?

ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் அந்த வழியா வந்தாரு. நான் பாறையில உக்காந்து பங்கு வெக்கறதைப் பாத்துட்டு, "என்னடி, வண்டுக்குப் பந்தி பரிமாறுறியா?"ன்னாரு. "அந்தக் கடைசி எலைக்கு அப்பளம் விட்டுப்போச்சு பாரு." நான் உண்மையிலேயே கடைசி பாட்டிலைப் பாத்துட்டேன். விட்டுத்தான் போயிருந்துச்சு. அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

எழுதுங்கக்கா. ஏன் நிறுத்திட்டீங்க? பேனாவுல மை இல்லையா? ஓ, இது எழுதற விஷயமில்லையா. சரி விடுங்க. அந்தப் பொண்ணை எப்படிப் பாத்துக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியணுமேன்னு சொன்னேன். கூடப் பொறந்தவளா இருந்தாக்கூட அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன். அதுக்கு அது எனக்குச் செஞ்சதையும் கேளுங்க.

அந்த ரெண்டாவது தடவை பாட்டிலைப் பாத்ததும் அதுக்கு வந்த சந்தோசம் இருக்கே! கொம்பு வண்டை வெள்ளைத் தட்டுல போட்டுட்டு, "இது நெழல் இல்லாம இருக்கவே இருக்காதே முத்துப்பேச்சி! வெட்டுன எடத்துக்கு இதுவே திரும்பி வந்துடுச்சா?"ன்னு கேட்டுச்சு. தலையை ஆட்டுனேன். அவங்க காலேஜ் சாருக்கு உடனே போன் போட்டுச்சு. மொத தடவை கொண்டு வந்த வெறும் பாட்டிலையெல்லாம் கணக்குலேருந்து எடுத்துடுச்சு. "அப்ப உங்களுக்குக் கை பழகல. அதைச் சேத்தா தப்பாயிடும்"னு சொல்லுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சுக்கா. பொய் சொல்லக் கூடாது. கை பழகிடுச்சுன்னு ஒருத்தங்க என்னைச் சொன்னது அதுதான் மொத தடவை.

மூணு மாசம் கழிச்சு மஸ்டர் ஷெட்டுல கூட்டம். காலையில பேர் கூப்பிடுவாங்கல்ல, அந்த எடம். தொரை, பெரிய ஆபீசுலேருந்து ரெண்டு பேரு, நடுவுல நாற்காலியில அந்தப் பொண்ணு. நான் கடைசியில தூணோரமா பாப்பாவோட நிக்கறேன். அப்பத்தான் எனக்கு விஷயமே தெரியுது. வெட்டுக்காடு திரும்பவும் பழைய காடா ஆயிருந்தாத்தான் மேல்சோலையில மரம் எடுக்கக் கம்பெனிக்கு அனுமதியாம். அதைப் பாத்துச் சொல்லத்தான் இந்த வண்டு எண்ணுனதாம்.

தொரை தாளைப் பிரிச்சுப் படிச்சாரு. "இரண்டு காடுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என ஆய்வு கூறுகிறது."

வித்தியாசம் இல்லையாம்! எனக்குக் காதே அடைச்சுப் போச்சு. ஒண்ணுல வெயில் மண்டையைப் பொளக்கும், ஒண்ணுல பகல்லயே குளிரும். ஒண்ணுல ஊத்து இருக்கு, ஒண்ணுல ஓடைத்தடம் மட்டுந்தான் இருக்கு. அஞ்சாவது படிச்ச எனக்குத் தெரியுது. இத்தனை படிச்ச பொண்ணுக்கு வித்தியாசம் தெரியலியா? கால் சரியில்ல, காட்டுக்குப் போகல, சரி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்ல? "முத்துப்பேச்சி, நீ போய்ட்டுப் போய்ட்டு வரியே, ரெண்டும் ஒண்ணாவா இருக்கு?"ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. தலையையாவது ஆட்டியிருப்பேனே.

முன் வரிசையில எங்க மாமியார் எந்திரிச்சாங்க. அவங்களுக்குப் பயம் கிடையாது. "ஏம்மா, வண்டைப் பாத்துக் காட்டை வெட்டுவீங்களா? எங்க தண்ணி மேல்சோலையிலேருந்துதான் வருது, அதை எந்த வண்டு சொல்லும்?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேனா மூடியைத் திருகிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெதுவா, "எனக்கும் ஆச்சரியமாத்தாங்க இருந்துச்சு. வேற மாதிரி வரும்னுதான் நெனச்சு வந்தேன். ஆனா வண்டு பொய் சொல்லாதும்மா"ன்னுச்சு.

வண்டு பொய் சொல்லாதாம். அப்ப பொய் சொன்னது யாரு? எங்க மாமியாரா? நானா?

கூட்டம் முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டுச்சு. கட்டி அணைச்ச மாதிரி. "நீங்க இல்லேன்னா இது முடிஞ்சிருக்காது முத்துப்பேச்சி"ன்னுச்சு. புத்தகமா அடிச்சதுல கடைசிப் பக்கத்துல என் பேரைக் காட்டுச்சு. இங்கிலீசுல இருந்துச்சு, அதுதான் என் பேருன்னு அது சொல்லித்தான் தெரியும். கேக்காம கொள்ளாம என் பேரை அதுல போட்டுட்டுப் போயிடுச்சு. இன்னிக்கும் அந்தப் பேரு அதுல இருக்குமில்லக்கா? அழிக்க முடியுமா? நீங்க சொல்லி அழிக்கச் சொல்லுங்க. இப்ப அது டாக்டராமே. ஊசி போடற டாக்டர் இல்ல, வண்டு டாக்டர். நல்லா இருக்கட்டும்.

மழைக்கு முந்தி வெட்ட ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டுக்காரர்தான் மொத ஆளாப் போனாரு. அவரு என்ன செய்வாரு, போடுன்னா போடற வேலை. மிசின் சத்தம் இந்தச் செவுத்துல அதிரும். ஒவ்வொரு மரமும் விழறப்ப பாப்பா கையைத் தட்டுவா, என்னமோ வேடிக்கைன்னு. சாயங்காலம் வந்தா அவரு சட்டையிலேருந்து மரத்தூள் கொட்டும். ஈர வாசனை. "நான் வெட்டலேன்னா இன்னொருத்தன் வெட்டுவான்டி"ம்பாரு. நான் கேக்கவே இல்ல, அவராச் சொல்லுவாரு. வெட்டு முடிஞ்ச கடைசி நாள் மட்டும் ஒண்ணு கேட்டாரு. "ஏண்டி, நீ அந்தப் பாறையில உக்காந்து பங்கு வெச்சியே, அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியா?"ன்னு. இது என்ன கேள்வி? செஞ்சதைச் சொல்லிக் காட்டுவாங்களா? கீரை குடுத்தா, நான் கீரை குடுத்தேன்னு சொல்லிட்டா திரிவோம்? அவரு சாப்பாட்டுத் தட்டை நவுத்தி வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு.

லாரி போக ரோடு வேணும்னு ஊத்து மேலயே மண்ணைத் தள்ளுனாங்க. அந்த மழைக்குக் குழாய்ல செம்மண் வந்துச்சு. மாசிக்குள்ள சொட்டு நின்னு போச்சு. நான் போய்ப் பாத்தேன். நண்டு இல்ல. கல்லைப் பெரட்டிப் பெரட்டிப் பாத்தேன், ஒண்ணுகூட இல்ல. அப்புறம் லாரித் தண்ணி குடுத்தாங்க. அதைக் குடிச்சு ரோஷிணிக்குக் காமாலை. இருபது நாள் கீழ ஆஸ்பத்திரியில கெடந்தோம். கண்ணு ரெண்டும் மஞ்சக்கெழங்கு மாதிரி. இப்பப் பாருங்க, லட்டைக் கையில வெச்சுக்கிட்டு எவ்வளவு தெம்பா நிக்கறா. அன்னிக்குத் தலை நிக்கல இவளுக்கு.

என்னக்கா சொல்றீங்க? அடுத்த மலையிலயும் இதே புத்தகத்தைக் காட்டி மரம் வெட்ட அனுமதி கேக்கறாங்களா? கேப்பாங்க. வித்தியாசம் இல்லைன்னு எழுதிக் குடுத்தாச்சே, எந்த மலையில வேணா காட்டலாமே. அங்கயும் கீழ லயன் இருக்குமில்ல? இருக்கா? எத்தனை வீடு?

முப்பத்தாறா.

என்ன கேட்டீங்க? ஊத்துல நண்டு இல்லாத சமயம், வேற ஓடையிலேருந்து ஒருத்தர் நாலு நண்டைப் புடிச்சுக் கொண்டாந்து விட்டா நாங்க தண்ணியைக் குடிச்சிருப்போமான்னா?

நல்லாக் கேட்டீங்க போங்க. எவளாவது அப்படிச் செய்வாளா? நண்டைப் பாத்துட்டு நாங்க நல்ல தண்ணின்னு குடிப்போம், பிள்ளைக்குக் குடுப்போம், பிள்ளைக்குத்தான் வந்து விடியும். நண்டு என்ன செய்யும், விட்ட எடத்துல ஓடும். கொண்டாந்து விட்டவளைத்தான்...

...

ரோஷிணி, கையை நக்காத. போ, வெளிய போய்க் கழுவு. கொடத்துல கை விடாத, செம்புல மொண்டு கழுவு. ஒரு செம்புதான்.

அவங்களாச் சொன்னதுதானேக்கா, காலியாவே கொண்டு வாங்கன்னு. சொன்னாங்க. ஆனா எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க? வாயால சொல்றதை அப்படியே எடுத்துக்கிட்டா மனுசி எப்படி இருக்கறது? நெசமாவே காலியா வேணும்னு ஒருத்தங்க கேப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்க யாரு அப்படிக் கேட்டிருக்கா?

நோட்டை மூடிட்டீங்க. அந்த மொத வரியை என்ன செஞ்சீங்க? அந்தப் பொண்ணாலன்னு எழுதச் சொன்னேனே. எழுதுனீங்கல்ல? இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும். வேற ஒண்ணும் எழுத வேண்டாம்.

எங்கக்கா எந்திரிக்கறீங்க. ஜீப்பு வந்தாச்சா? நிக்கட்டும். இருங்க, டப்பாவைக் கழுவித் தரேன். மிச்ச லட்டைத் தட்டுல கொட்டிக்கறேன். ஒரு நிமிசம்.

அப்படியே குடுங்கறீங்களா? காலியாவா?

எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உக்காருங்க, கீழ வீட்டுல சகாயம் அக்கா இருக்கா, அவகிட்ட நாலு எலுமிச்சை இருக்கும், ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடறேன். எங்க வீட்டுல இப்ப ஒண்ணுமில்லக்கா. நீங்க எங்க வீட்டுதுன்னே நெனச்சுக்கோங்க.